கிருஷ்ணகிரியில் ஒரு மாத ஸ்போக்கன் இங்கிலீஷ்: 4,500 ரூபாய்க்கு 'ஃபீல்' மட்டும் தேறியது

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் போய் வந்தேன். ஒரு மாதம், மாலை ஏழு முதல் எட்டரை வரை, 4,500 ரூபாய். சேரலாமா வேண்டாமா என்று கம்பெனியிலேயே நாலு பேர் கேட்டுவிட்டார்கள், ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் ஒரேயடியாக எழுதிவிடுகிறேன். சென்டரின் பெயரைப் போடவில்லை. குறை நிறையச் சொல்லப் போகிறேன், அங்கே உருப்படியாகச் சொல்லிக்கொடுத்த ஒரே ஒரு மிஸ் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறார், நம்ம ஊரும் சின்ன ஊர்.

நான் ஏன் போனேன் என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதில்தான் விஷயமே இருக்கிறது.

மாம்பழக் கூழ் கம்பெனியில் க்யூ.சி. வேலை எனக்கு. மே, ஜூன், ஜூலை மூணு மாதம் வீட்டுக்குப் போவது தூங்க மட்டும்தான். பெங்களூரா மாம்பழம் லோடு லோடாக இறங்கும் (பேப்பரில் தோத்தாபுரி என்று எழுதுவோம், வாயில் வருவது பெங்களூராதான்), கூழாகும், கிருமி புகாத அசெப்டிக் பையில் அடைபட்டு டிரம்மில் ஏறி கப்பலுக்குப் போகும். கேட்டவர் கேட்ட மாதிரி கூழ் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. இனிப்புக்கு எண் இருக்கிறது. ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு வைத்தால் பிரிக்ஸ் என்கிற சர்க்கரை அளவைக் காட்டிவிடும், பெங்களூரா என்றால் வழக்கமாக 14-க்குக் குறையக் கூடாது, அல்போன்சா என்றால் 16. கெட்டியா தண்ணியா என்பதற்குக்கூட எண் உண்டு. பாஸ்ட்விக் என்று ஒரு நீளமான ஸ்டீல் தொட்டி, கதவைத் தூக்கிவிட்டால் 30 நொடியில் கூழ் எத்தனை சென்டிமீட்டர் ஓடுகிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்வோம். நாக்கில் வைத்தால் எப்படி இருக்கிறது என்பதற்குத்தான் மீட்டர் கிடையாது, அதற்கு ஆள்தான் வாய் திறந்து சொல்லியாக வேண்டும், அங்கேதான் நான் மாட்டினேன்.

போன சீசனில் வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் மெயில் போட்டார். 'வீ ஃபீல் தி டெக்ஸ்சர் ஈஸ் எ பிட் கிரெய்னி.' மேனேஜர் அதைப் படித்துவிட்டு ஒரே பதற்றம். "நம்ம சரக்கால அவங்க ஃபீல் பண்றாங்கப்பா, முதல்ல சாரி சொல்லிடு." நானும் மாங்குமாங்கென்று டைப் அடித்தேன்: 'டியர் சார், ப்ளீஸ் டோன்ட் ஃபீல். நெக்ஸ்ட் லாட் வில் பி குட்.' அந்த மனுஷனுக்கு ஒன்றும் புரியவில்லை. என்ன சொல்ல வருகிறீர்கள் என்று மரியாதையாகக் கேட்டு, ஃபினிஷரில் (கூழை வடிகட்டுகிற மெஷின்) என்ன சல்லடை போட்டிருக்கிறீர்கள் என்றும் கேட்டு எழுதினார். அதாவது அவர் வருத்தப்படவே இல்லை. கூழ் கொஞ்சம் குருணைகுருணையாக இருப்பதாகத் தோன்றுகிறது என்று சாதாரணமாகச் சொல்லியிருக்கிறார். நாம் ஆறுதல் சொல்லியிருக்கிறோம்.

லண்டன்பேட்டை என்று ஒரு பேட்டையே வைத்திருக்கிற ஊரில் இங்கிலீஷுக்கு இந்தக் கதி. மறுவாரமே பணம் கட்டினேன்.

சரி, வகுப்பு. நோட்டீஸில் ஒரு பேட்சுக்குப் பத்துப் பேர் என்று இருந்தது, உள்ளே போனால் இருபத்திரண்டு பேர். ஏ.சி. சுவரில் இருக்கிறது, அவ்வளவுதான், நான் போன ஒரு மாதத்தில் ஒரு நாளும் ஓடவில்லை. கொடுத்த புத்தகம் ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்தது, சில பக்கத்தில் கடைசி வரி பாதி வெட்டுப்பட்டிருக்கிறது. முதல் பத்து நாள் சென்டர் ஓனரே எடுத்தார். டென்ஸ் அட்டவணை, அதைப் பார்த்து எழுதுவது, அப்புறம் வாழ்க்கையில் எப்படி முன்னேறுவது என்று அரைமணி நேரம். எங்களில் யாரும் வாய் திறந்து ரெண்டு வரி சேர்ந்தாற்போலப் பேசவில்லை. ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் ஸ்போக்கன் அவர் மட்டும்தான்.

புத்தகத்தில் 'ஃபீல்' எங்கே இருக்கிறது என்று தேடினேன். வினைச்சொல் பட்டியலில் ஒரே வரி: ஃபீல், ஃபெல்ட், ஃபெல்ட், உணர். பக்கத்திலேயே எடுத்துக்காட்டு: 'ஐ ஆம் ஃபீலிங் ஹெட்ஏக்.' இது தப்பு என்று பின்னால்தான் தெரிந்தது, தலைவலிக்கு 'ஐ ஹேவ் எ ஹெட்ஏக்' என்றுதான் சொல்வார்கள். ஓனரிடம் ஒரு தரம் கேட்டதற்கு 'ஃபீலுக்கு இங் போடவே கூடாது, அது ரூல்' என்றார். அவர் தலைக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்த போஸ்டரில் சிரித்த முகத்துடன் 'ஹவ் ஆர் யூ ஃபீலிங் டுடே?' என்று இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை, பணம் கட்டியாகிவிட்டது.

பதினோராம் நாள் மிஸ் வந்தார். ரிட்டயர்டு டீச்சர், தருமபுரியிலிருந்து பஸ்ஸில் வருகிறார், எட்டு இருபத்தைந்துக்கு டஸ்டரை வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார், பஸ் போய்விடுமாம். வந்த முதல் நாள் புத்தகத்தைத் தொடவில்லை. ஒவ்வொருத்தரும் எதற்கு வந்தீர்கள் என்று கேட்டார். என் மெயில் கதையைச் சொன்னதும் வகுப்பே சிரித்தது, அவர் சிரிக்கவில்லை. "தம்பி, நீங்க எழுதினது இங்கிலீஷ் இல்ல, தமிழ். நம்ம ஊர் தமிழ்ல ஃபீல்னு ஒரு சொல் இருக்கு, அதுக்கு வருத்தம்னு அர்த்தம். அது தனி, இது தனி" என்றார்.

யோசித்தால் அப்படித்தான். 'ஃபீல் பண்ணாத மாமா', 'அவன் ஃபீல் ஆயிட்டான்', 'ஓவரா ஃபீல் விடுறா' என்று நாம் சொல்கிற எதிலும் வருத்தம், மனத்தாங்கல், கொஞ்சம் நாடகம், இவ்வளவுதான் இருக்கிறது. சந்தோஷத்தில் துள்ளுகிறவனைப் பார்த்து யாரும் ஃபீல் பண்றான் என்று சொல்ல மாட்டோம். இங்கிலீஷில் அந்தச் சொல்லுக்குச் சோகம் என்று தனியாக ஒன்றும் இல்லை, பக்கத்தில் என்ன சொல் வருகிறதோ அதைப் பொறுத்துத்தான். ஃபீல் ஹேப்பி, ஃபீல் கோல்ட், ஃபீல் ஸ்லீப்பி. வெறுமனே 'டோன்ட் ஃபீல்' என்று ஒரு வெள்ளைக்காரரிடம் சொன்னால் மரத்துப்போய்விடு என்று சொன்ன மாதிரி இருக்கும். 'டோன்ட் ஃபீல் பேட்' என்றால் சரி. இதில் 'பேட்லி' போடக் கூடாது என்பது இன்னொன்று, அதைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார்.

மறுநாள் ஒரு மஞ்சப்பை கொண்டுவந்தார். கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை, மாப்பிள்ளை பெண் பெயர் பாதி அழிந்தது. எட்டிப் பார்க்காமல் ஒவ்வொருத்தராகக் கைவிட்டு, கையில் பட்டதை 'இட் ஃபீல்ஸ்' என்று ஆரம்பித்துச் சொல்ல வேண்டும், பொருளின் பெயரைச் சொல்லக் கூடாது. என் முறை வந்தது. விட்டேன். சில்லென்று ஏதோ, அதைத் தாண்டினால் மணல் மாதிரி நுணுக்கமாக விரல் இடுக்கில் ஓடுகிறது (ராகி, சந்தேகமே இல்லை), அதற்கு அடியில் பிசுக்கென்று ஒன்று, இழுத்தால் வராமல் விரலோடு ஒட்டிக்கொண்டு வருகிறது, நடுவில் ஒரு கொட்டை வழவழவென்று. புளி! நம்ம ஊர்க்காரனுக்குப் புளி தெரியாதா. வேகத்தில் 'ஐ ஃபீல் ஸ்டிக்கி' என்றேன். 'வேர்த்துக் கொட்டுதா தம்பி? குளிச்சிட்டு வாங்க' என்றார் மிஸ். ஐ ஃபீல் ஸ்டிக்கி என்றால் என் உடம்பு பிசுபிசுக்கிறது. இட் ஃபீல்ஸ் ஸ்டிக்கி என்றால்தான் புளி பிசுபிசுக்கிறது. ஒரே வினை, முன்னால் நிற்கிறவர் மாறினால் தொடுகிறவரும் தொடப்படுகிறதும் இடம் மாறிக்கொள்கிறது. இதை அட்டவணை போட்டுச் சொல்லியிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன், விரலில் புளியோடு நின்றதால் மறக்கவில்லை.

பையைச் சுற்றவிட்டபடியே இன்னொன்றும் சொன்னார். இந்தச் சொல் பழைய இங்கிலீஷில் முதலில் தொட்டறிவதற்குத்தான் இருந்ததாம், இரக்கம், அபிப்பிராயம் எல்லாம் பிற்பாடு ஏறிக்கொண்டது. நம் பழைய இலக்கணத்திலும் ஐம்புலனில் முதலில் வைப்பது உற்றறிவைத்தான், புல்லுக்கும் மரத்துக்கும் இருக்கிற ஓரறிவு அதுதான். இருட்டில் சுவிட்சைத் தடவித் தேடுகிறோமே, அதற்கு இன்றைக்கும் 'ஃபீல் ஃபார் தி சுவிட்ச்' என்கிறார்கள். அதே 'ஃபீல் ஃபார்' போட்டு ஒரு ஆளைச் சொன்னால் அவருக்காக மனசு இரங்குகிறது என்று அர்த்தம். இதைக் கேட்டதும் பின் பெஞ்சு அண்ணன் ஒருவர் (ரியல் எஸ்டேட், எதைக் கேட்டாலும் சதுர அடியில் பதில் சொல்வார்) அன்று முழுவதும் எதிரில் பார்த்தவருக்கெல்லாம் 'ஐ ஃபீல் ஃபார் யூ' சொல்லிக்கொண்டிருந்தார்.

மூணாம் நாள்தான் எனக்கு முக்கியமான நாள். மிஸ் போர்டில் 'எனக்குப் பசிக்குது' என்று எழுதினார். எங்கள் பேட்சில் தமிழ் தவிர வீட்டில் தெலுங்கு பேசுகிறவர் நாலைந்து பேர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் கன்னடப் பையன் ஒருவன், உருது பேசும் அக்கா ஒருவர். அவரவர் வீட்டு மொழியில் இதைச் சொல்லச் சொன்னார். நாகு ஆகலி வேஸ்தோந்தி. நனகே ஹசிவாகிதே. முஜே பூக் லகீ ஹை. நாலையும் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக எழுதிவிட்டு முதல் சொல்லை மட்டும் வட்டம் போட்டார். எனக்கு, நாகு, நனகே, முஜே. நாலு மொழியிலும் 'நான்' கிடையாது, 'எனக்கு'தான். பசி எங்கிருந்தோ வருகிறது, எனக்கு வருகிறது. எனக்குக் குளிருது, எனக்கு மயக்கமா வருது, எனக்குக் கூசுது. இங்கிலீஷில் அந்த 'ஐ' எழுந்து முன்னால் வந்து நின்றுகொள்ளும். ஐ ஃபீல் ஹங்ரி, ஐ ஃபீல் கோல்ட், ஐ ஃபீல் டிஸ்ஸி. பத்து வருஷமாக எனக்கு இங்கிலீஷ் வாக்கியம் ஏன் முதல் சொல்லிலேயே தடுக்கி விழுகிறது என்று அன்றைக்குத்தான் விளங்கியது. இந்த ஒன்றுக்கு மட்டும் 1,500 ரூபாய் போட்டுக்கொள்கிறேன்.

அன்றே ஒரு சண்டையும் நடந்தது, நல்ல சண்டை. வகுப்பில் ஒரு நர்ஸ் பெண் உண்டு, வெளிநாட்டு வேலைக்குத் தயாராகிறது. சர்க்கரை வியாதிக்காரர் பாதத்தில் நைலான் இழை ஒன்றை வைத்து அழுத்திப் பார்ப்பார்களாம், பத்து கிராம் அழுத்தத்தில் வளைகிற இழை, அது பட்டது தெரியாவிட்டால் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கிறது என்று கணக்கு. அப்போது இங்கிலீஷில் 'கேன் யூ ஃபீல் திஸ்?' என்று கேட்க வேண்டும். தமிழில் என்ன கேட்பாய் என்றார் மிஸ். 'தெரியுதா?' என்றது பெண். அட ஆமாம்! தொட்டால் தெரியுதா, ஊசி போட்டது தெரியுதா, மரத்துப்போச்சு, ஒண்ணும் தெரியல. கண்ணுக்கும் அறிவுக்கும் வைத்திருக்கிற சொல்லையே தோலுக்கும் கொடுத்திருக்கிறோம். 'உணர்' என்பது புத்தகத்தில் மட்டும் வருகிறது, 'உணர்ந்தீங்களா?' என்று ஒரு நர்ஸ் கேட்டால் நம்ம ஊர்ப் பாட்டி சுவிசேஷக் கூட்டம் என்று நினைத்துவிடுவார்.

அப்போது தேன்கனிக்கோட்டைப் பையன் ஒரேயடியாக இங்கிலீஷ்தான் உசத்தி, ஒரே சொல்லில் எல்லாம் முடிந்துவிடுகிறது என்றான். உருது அக்கா விடவில்லை. வயிறு எரியுதா, கடுக்குதா, குமட்டுதா, பிசையுதா என்று டாக்டர் கேட்டால்தானே மருந்து, எல்லாவற்றுக்கும் ஃபீல் ஃபீல் என்றால் என்ன கண்டுபிடிக்க முடியும் என்றார். நான் அக்கா பக்கம். காது குடையும், பல் கூசும், கண் உறுத்தும், கால் உளையும், புண் விண்விண் என்று தெறிக்கும், காய்ந்த மிளகாய் கிள்ளிய விரல் காந்தும், ஒவ்வொன்றுக்கும் தனி வினை. ஆனால் 'ஒரு மாதிரி இருக்கு' என்று ஒன்று வைத்திருக்கிறோமே, அதற்கு மட்டும் எந்த டாக்டராலும் மருந்து எழுத முடியாது. அதற்கு இங்கிலீஷ் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு 'ஐ டோன்ட் ஃபீல் ரைட்' என்றார் மிஸ். முழுசாக ஒட்டவில்லை என்று அவரே சொல்லிக்கொண்டார்.

'ஃபீல் லைக்' பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். அதற்கு நம்மிடம் நேர்ச்சொல் இருக்கிறது, '-ணும் போல இருக்கு'. டீ குடிக்கணும் போல இருக்கு, ஐ ஃபீல் லைக் ஹேவிங் டீ. சுருக்கமாக 'ஐ ஃபீல் லைக் டீ' என்றாலும் அதேதான், நான் டீ மாதிரி ஆகிவிட்டேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வாந்தி வர்ற மாதிரி இருந்தால் 'ஃபீல் லைக் வாமிட்டிங்', நம்மவர்கள் சொல்கிற 'ஃபீலிங் டு வாமிட்' கிடையாது. பிரிட்டனில் 'ஐ ஃபீல் சிக்' என்றாலே பெரும்பாலும் குமட்டல்தான், நர்ஸ் பெண் இதைச் சிவப்பு மையில் எழுதிக்கொண்டது. ஆனால் இதே 'ஃபீல்ஸ் லைக்' நம் போனில் வெயில் பார்க்கிற இடத்தில் வேறு வேலை செய்கிறது. வெப்பம் 35 என்று போட்டு, கீழே ஃபீல்ஸ் லைக் 42 என்று சென்னையில் காட்டும், கடல் ஈரத்தில் வேர்வை காயாமல் உடம்பு சூட்டை இறக்க முடியாமல் தவிப்பதைக் கணக்குப் போட்டுச் சொல்கிற எண் அது. நம் பக்கம் ஏப்ரல் வறட்சியில் ரெண்டு எண்ணும் கிட்டத்தட்ட ஒன்றாக நிற்கும், சில நாள் கீழே இருப்பது குறைச்சலாகக்கூட இருக்கும். அதைப் பார்த்து இந்த ஆப் தப்பு என்று நான் ஒரு தரம் போனையே திட்டியிருக்கிறேன்.

'இங்' சண்டைக்கும் தீர்ப்பு கிடைத்தது. என் உடம்பையோ மனசையோ சொல்லும்போது ஐ ஃபீல் டயர்ட், ஐயம் ஃபீலிங் டயர்ட், ரெண்டும் சரி. பொருள் முன்னால் நின்றால் மட்டும் இங் கூடாது, 'தி கிளாத் ஈஸ் ஃபீலிங் சாஃப்ட்' என்றால் துணிக்கு உயிர் வந்துவிடும். ஜவுளிக்கடையில் ஒரு அம்மா சேலையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தால் 'ஷீ ஈஸ் ஃபீலிங் தி கிளாத்', அதில் தப்பில்லை. போஸ்டர் சரி, ஓனர் தப்பு.

கடைசியாக என் மெயில். 'வீ ஃபீல்' என்றால் எங்களுக்குத் தோன்றுகிறது, அதுவும் 'வீ திங்க்'கைவிட ஒரு சுருதி இறக்கி, மூஞ்சியில் அடிக்காமல் சொல்வது, அவ்வளவே. மிஸ் திருத்திக் கொடுக்கவில்லை, என்னையே எழுதச் சொல்லி மூணு தரம் திருப்பிக் கொடுத்தார். கடைசியில் வந்தது: 'வீ செக்ட் தி சேம்பிள். இட் டஸ் ஃபீல் கிரெய்னி. தி ஃபினிஷர் சீவ் வாஸ் வோர்ன் அண்ட் வீ ஹேவ் ரீப்ளேஸ்ட் இட்.' சல்லடை தேய்ந்திருந்தது நிஜம், மாற்றியதும் நிஜம். அனுப்பினேன், அடுத்த நாளே தேங்க்ஸ் என்று ஒரு வரி வந்தது. மேனேஜர் மட்டும் இன்னும், 'சாரி சொன்னியா?' என்கிறார்.

பதினாலாம் நாள் மிஸ்ஸை வேறு பேட்சுக்கு மாற்றிவிட்டு ஓனர் மறுபடியும் வந்துவிட்டார். முன்னேற்றம், டென்ஸ் அட்டவணை, முன்னேற்றம். மிஸ் வேண்டும் என்று ஏழெட்டுப் பேர் சேர்ந்து கேட்டோம், பார்க்கலாம் என்றார், மாதம் முடிந்துவிட்டது. மீதி நாளுக்குக் காசு திருப்பித் தரும் பழக்கம் இல்லையாம். சர்டிஃபிகேட் கொடுத்தார்கள், தங்க நிறத்தில் பார்டர், என் இனிஷியல் தப்பு. திருத்த 100 ரூபாய் கேட்டார்கள், நான் திருத்தவில்லை.

என் மார்க் அஞ்சுக்கு ரெண்டரை, அதில் ரெண்டு மிஸ்ஸுக்கு. சேர்வதென்றால் பணம் கட்டுவதற்கு முன்னால், தருமபுரியிலிருந்து வருகிற மிஸ் எந்த பேட்ச், மாதம் முழுக்க அவரேதானா என்று கேட்டு, ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மாடிப்படி செங்குத்து, முழங்கால் வலி இருக்கிறவர்கள் யோசிக்கணும். வண்டியைக் கீழே பேக்கரி முன்னால் நிறுத்தினால் பேக்கரிக்காரர் கத்துவார், எதிர்ச் சந்தில் இடம் இருக்கிறது. தண்ணீர் பாட்டில் கொண்டுபோங்கள், அந்த ஏ.சி. ஓடும் என்று எனக்குத் தோன்றவில்லை.